பின்கதவுக் கண்ணாடி ஏறாத மழைக்காலம்

கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கார்க் கண்ணாடியை ஏற்றிய காலத்து ஆட்கள் நாம். இப்போது நம் பிள்ளைகளிடம் அந்தக் கைப்பிடியைக் காட்டினால் தேங்காய் துருவுகிற சாமானா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி தானாக ஏறும் என்கிற அதிசயத்தை முதன்முதலில் பார்த்தபோது நமக்கு இருந்த வாய்ப்பிளப்பு அவர்களுக்கு இந்த ஜென்மத்தில் வராது.

போன மாதம் என் மகனுடைய பழைய காரில் ஒரு கண்ணாடி இறங்கிவிட்டு ஏறமாட்டேன் என்றது. கராஜில் இருந்த தம்பி எதையோ தட்டிப் பார்த்துவிட்டு மோட்டரை மாற்ற வேண்டும் என்றான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இறங்குகிறதா என்று கேட்டேன். இறங்குகிறது, ஏறத்தான் இல்லை என்றான். அப்படியென்றால் மோட்டரில் பழுது இல்லை, டிரைவர் பக்கத்துக் கதவைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அரை மணி நேரம் கழித்து அந்தத் தம்பி என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்து, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டான். யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து லயத்து வாசலில், பன்னிரண்டு வயதில் என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா அதுவரை தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்த முதலாளி, ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய காரை வாங்கி அதை ஹயர் ஓட்ட அப்பாவிடம் கொடுத்தார். ஹயர் என்றால் பெரும்பாலும் எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள்தான். காய்ச்சல்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், எப்போதாவது ஒரு கல்யாணப் பெண். அதற்கு முன் அவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனது ரப்பர் பால் பீப்பாய்களுக்கு நடுவில் லொறியில் உட்கார்ந்துதான். அவசரத்துக்கு உதவும் என்பதால் கார் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலிலேயே நிற்கும். அப்பா வெள்ளைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டார். நடையே மாறிப்போனது. அம்மா மட்டும் எப்போதும்போல விடியற்காலையில் கத்தியும் வாளியுமாகப் பால் வெட்டப் போனாள்.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் காரை மட்டும் தன் கண்ணாகப் பார்த்தார். சாவியைக் கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் ஆட்கள் பூசை போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், பொனெட்டில் ஒரு பொட்டு வைத்தால் போதும், காருக்குள்ளே சந்தனமும் தண்ணீரும் ஆகாது, அதை மீறினால் சாவியைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்று சிங்களத்தில் சொன்னார். அப்பா தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆயுத பூசை வந்தது. நம் வீடுகளில் அன்று எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால் கத்தி, வாளி, மண்வெட்டி, அரிவாள், அண்ணன் தமுக்கடிக்கிற குச்சி வரைக்கும் கழுவி வாழையிலையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்போம். ஒன்றை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொண்டு அந்த வருஷம் நம் கையையே பதம் பார்க்கும் என்பது அம்மாவின் கணக்கு. அந்த வருஷம் வாழையிலைக்கு முன்னால் கார் நின்றது. அப்பா பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கரைத்துக்கொண்டு வந்தார். எங்கள் யாரிடமும் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. பொனெட்டில் வைத்தார், நான்கு சக்கரத்துக்கும் வைத்தார். அதோடு நிற்க அவரால் முடியவில்லை. சக்கரத்துக்கு வைத்துவிட்டு ஸ்டியரிங்குக்கு வைக்காமல் விட்டால் எப்படி? கதவைத் திறந்தார். ஸ்டியரிங், கியர், ஹோர்ன் எல்லாவற்றுக்கும் ஆனது. கடைசியில் டிரைவர் கதவில் வரிசையாக இருந்த நான்கு கண்ணாடிப் பொத்தான்களுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சந்தனம் நீர்க்க இருந்தது. பொத்தானின் ஓரத்தில் வழிந்ததை நான் பார்த்தேன். மறுநாள் மேலாகத் துடைத்துவிட்டார், முதலாளி கண்ணில் எதுவும் படவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே தேத்தண்ணீர் குடிக்கப் போனார். லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காரைச் சுற்றி நின்றார்கள். நான் சும்மா இருப்பேனா? இடது பக்கத்துப் பின்கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். பிள்ளைகள் ஓவென்று கத்த, மறுபடியும் இறக்கினேன். ஆறு ஏழு தடவை இருக்கும். அப்பா ஓடி வந்து காதைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

இரண்டு நாள் கழித்து அந்த இடது பின்கண்ணாடி நின்றுபோனது. இறங்கியது, ஏறவில்லை. அந்தக் கதவின் பொத்தானை அழுத்தினாலும் ஏறவில்லை, டிரைவர் பக்கத்திலிருந்து அழுத்தினாலும் ஏறவில்லை. ஐப்பசி மழை எங்கள் பக்கத்தில் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண் தெப்பமாக நனைந்துபோய் இறங்கினாள். அந்தச் செய்தி மறுநாளே முதலாளியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

பாஸ் வந்தார். மெக்கானிக்கை அங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். கதவின் உள்பக்கத்து அட்டையைப் பிடுங்கி, மோட்டரில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மோட்டர் எரிந்துவிட்டது, இறக்கப் பலம் இருக்கிறது, தூக்கப் பலம் இல்லை, யாரோ விளையாடி நாசமாக்கியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு அட்டையை மாட்டாமலே போய்விட்டார். அப்பா அந்த ஓட்டையில் உரப்பை ஒன்றைக் கட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி சொல்லியனுப்பியது ஒரே விஷயம். அடுத்த போயாவுக்குள், அதாவது பௌர்ணமிக்குள், கண்ணாடி ஏற வேண்டும். ஏறாவிட்டால் சாவியை வாங்கித் தன் அக்கா மகனிடம் கொடுத்துவிடுவார். இருந்தது இருபது நாள். லொறிக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டதால் கார் போனால் அப்பாவுக்குப் புல்வெட்டுத்தான். அந்த இருபது நாளும் லயத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏன் அதைத் தொட்டாய் என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒரு கிழவி, அப்பன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அப்பா என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டார். அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே எனக்கு ஒரு யோசனை ஓடியது. எரிந்துபோன மோட்டர் எப்படிக் கண்ணாடியை இறக்கும்? பாஸ் சொன்னபடி பலமில்லை என்றால், அழுத்தும்போது முக்கி முனகவாவது வேண்டாமா? நான் காதை வைத்துக் கேட்டேன். இறக்க அழுத்தினால் விர்ரென்ற சத்தம். ஏற்ற அழுத்தினால் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இதில் ஏதோ இருக்கிறது, கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்பாவின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது முக்கால் உண்மை. மீதிக் கால், அந்தப் பீலியடிக் கிழவிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது.

அப்போது எங்கள் லயத்துக்குக் கரண்ட் வரவில்லை, நினைவிருக்கிறதா? கறுப்பு வெள்ளை டீவி ஓடியது கார் பெட்டரியில்தான். அப்பா தூங்கிய ஒரு மத்தியானம், உரப்பையை விலக்கி மோட்டரின் பிளக்கைக் கழற்றி, டீவி பெட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக அதில் கொடுத்தேன். கண்ணாடி இறங்கியது. வயரை இடம் மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடி முழுவதும் ஏறி, மேலே போய் டக்கென்று நின்றது. மோட்டர் நன்றாக இருக்கிறது. நான் அதை எரிக்கவில்லை.

பிளக்கைத் திருப்பி மாட்டிவிட்டு ஓடிப்போய் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் வந்து ஏறியிருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹயருக்குப் போனார். பின்சீட்டில் உட்கார்ந்த யாரோ ஒருவர் வெற்றிலை துப்பப் பொத்தானை அழுத்தினார், கண்ணாடி இறங்கியது, அவ்வளவுதான். அப்பா நனைந்த சீட்டோடு திரும்பி வந்தார். மோட்டர் சாகிறதுக்கு முன்னால் ஒரு தடவை மூச்சு விட்டிருக்கிறது என்று அம்மாவிடம் விளக்கம் சொன்னார். என்னிடம் பேசியது இவ்வளவுதான்:

"பொம்பளப்புள்ள கரண்டுல கைய வைக்காத. செஞ்சது போதும்."

டீவி பெட்டரியையும் அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்.

போகட்டும், காரிலேயே ஒரு பெட்டரி இருக்கிறதே. டோர்ச் பல்பில் இரண்டு வயரைக் கட்டி, மோட்டர் பிளக்கில் வைத்தேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், பல்ப் கறுத்துப்போனது. டோர்ச் பல்புக்குக் கார் பெட்டரி தாங்காது என்பது அப்படித்தான் தெரிந்தது. அப்பாவின் பிஸ்கட் டின்னில் பழைய இண்டிகேட்டர் பல்ப் ஒன்று கிடந்தது. அது தாங்கியது. பிளக்கின் இரண்டு துளைக்கும் நடுவில் அதை வைத்து, இறக்குகிற பொத்தானை அழுத்தினால் எரிந்தது. ஏற்றுகிற பொத்தானுக்கு எரியவில்லை. வயரின் ஒரு முனையை எடுத்துக் கதவின் இரும்பில் தொட்டுக்கொண்டு ஏற்றுகிற பொத்தானை அழுத்தினேன். எரிந்தது.

இதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் கரும்பலகையில் பெட்டரியும் பல்பும் வரைந்து வட்டத்தை மூடிக் காட்டியிருந்தார். போகிற கரண்ட் திரும்பி வந்தால்தான் எரியும். அப்படியென்றால் மோட்டருக்குக் கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. எங்கேயோ அடைத்திருக்கிறது. அம்மா சிரட்டையில் பால் விழவில்லை என்றால் சிரட்டையைத் திட்டமாட்டாள், மரத்தில் வெட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பாள். நானும் தடவிக்கொண்டே போனேன். அந்தக் கதவின் சுவிச்சிலிருந்து பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் கிளம்பிக் காலடி விரிப்புக்குக் கீழே ஓடியது. விரிப்பைத் தூக்கினேன். அது முன்பக்கம் போய், குறுக்கே கடந்து, டிரைவர் கதவுக்குள் நுழைந்தது. பழுது இடது பின்கதவில், வயர் போவது வலது முன்கதவுக்கு. அந்தப் பக்கம் பாஸும் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை.

போயாவுக்கு முதல் நாள் வந்துவிட்டது. அப்பா பழைய மோட்டர் ஏதாவது கிடைக்குமா என்று தேடி விடிய முன்னே பஸ் ஏறிவிட்டார். சாவி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. மழை என்பதால் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கூப்பிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எதடி அமத்தணும்? சொல்லு."

டிரைவர் கதவின் பொத்தான் பலகையை நெம்பி எடுத்தேன். அடியில் அந்தப் பச்சை வெள்ளை வயர் இருந்தது. அதில் குண்டூசியைக் குத்தி, ஊசியிலிருந்து ஒரு வயரை எடுத்துக் காரின் இரும்பில் தொட்டுக்கொண்டு, அழுத்தும்மா என்றேன். பின்கண்ணாடி ஏறியது. அம்மா பயந்துபோய் விரலை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடியும் அழுத்தினாள். மழைச் சத்தம் ஒரு பக்கம் அடைபட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

இனி மிச்சமிருந்தது அந்தச் சுவிச்சு ஒன்றுதான். பொத்தானைக் கழற்றினேன். உள்ளே செப்புத் தகடு பச்சையாகப் பூத்திருந்தது. அதன் மேல் காய்ந்து இறுகிப்போன மஞ்சள் கட்டி. பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். சந்தன வாசனை வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா கிண்ணத்தோடு நின்ற ஆயுத பூசை எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, நெருப்புப் பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பொத்தானை மாட்டி அழுத்தினால் கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இருபது நாள். அத்தனை பேச்சு. அப்பா வரட்டும், இந்தத் துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"நீ கண்டுபுடிச்சது. சொல்றதா வேணாமான்னு நீயே பாத்துக்க."

அப்பா பஸ்ஸில் வரவில்லை. முதலாளியின் ஜீப்பில் வந்தார். போயா வரைக்கும் பொறுக்காமல் முதலாளி முதல் நாளே புறப்பட்டு வந்திருக்கிறார். வழியில் வெறுங்கையோடு நின்ற அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா மகனும் வந்திருந்தான், புதுச் சப்பாத்தோடு. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எதுவும் சொல்லாமல் பின்கண்ணாடியை இறக்கி ஏற்றிக் காட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். முதலாளி பார்த்தது வேறு. டிரைவர் கதவில் பலகை திறந்து கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் கறைத் துணி. குனிந்து எடுத்து மோந்து பார்த்தார். அவர் சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார், உள்ளே சந்தனம் வைத்தது யார் என்று.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அந்த வெள்ளைச் சட்டை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மம" என்றேன். சிங்களத்தில் 'நான்' என்று அர்த்தம்.

பிள்ளைகளோடு சாமி விளையாட்டு விளையாடினேன், பொத்தானுக்கெல்லாம் பொட்டு வைத்தேன், அப்பாவுக்குத் தெரியாது என்று அவர் பாஷையிலேயே கோர்வையாகச் சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அம்மாதான் குறுக்கே வந்தாள். ஒடச்சவளே ஒட்டிட்டா, விடுங்க முதலாளி என்றாள். அவர் ஹரி ஹரி, சரி சரி என்று துணியைக் கீழே போட்டார். பிள்ளைகளைக் காருக்குப் பக்கத்தில் விடாதே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அக்கா மகனை ஜீப்பில் ஏற்றினார். அவர் பார்க்கிறார் என்பதற்காக அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கவே இல்லை.

ஜீப் போன பிறகு அப்பா என் கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்கடியில் மஞ்சள் இருந்தது. ஒரு வார்த்தை பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் போய்க் காரில் ஏறி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு மழைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் இண்டிகேட்டர் பல்பைத் தேடினேன். வயரோடு காணவில்லை. கரண்டில் கை வைக்கக் கூடாது என்று தூக்கி எறிந்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். மனது அன்றைக்கு விட்டுப்போனது.

லயத்தில் எனக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வந்தது. குற்றம் செய்தவள் என்பதால் வந்த பெயரா, பழுது பார்த்தவள் என்பதால் வந்த பெயரா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. கார் அப்பாவிடமே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நனையாமல் போனார்கள். நான்தான் அப்பாவிடம் கேட்டதற்குப் பதில் என்கிற அளவில் நிறுத்திக்கொண்டேன். பிள்ளையைப் பேசவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவர் என்று ஒரு வருஷம் மனதுக்குள் திட்டினேன். இன்றைக்கு எனக்கும் பிள்ளைகள் வளர்ந்து, வேலை போய்விடுமோ என்று நானும் சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்ட பிறகு, அந்தத் தொண்டைக்குழி எனக்குப் புரிகிறது. முழுக்க மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மறுவருஷம் ஆயுத பூசை. காரின் கதவுகளை எல்லாம் பூட்டிச் சாவியை அப்பா இடுப்பில் செருகிக்கொண்டார். சந்தனத்தை இந்தத் தடவை கெட்டியாகக் கரைத்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"நீ வைம்மா."

பொனெட்டில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். அவர் கைகூப்பிக்கொண்டு தள்ளி நின்றார். பிறகு வாழையிலைப் பக்கம் திரும்பினேன். பால் கத்தி, வாளி, மண்வெட்டி, அரிவாள், அண்ணனின் தமுக்குக் குச்சி. வரிசையின் கடைசியில் அந்த இண்டிகேட்டர் பல்ப் இருந்தது. இரண்டு வயரும் புதிதாக மாற்றி, முனைகளை டேப் சுற்றிக் கட்டியிருந்தது. பல்பின் கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள். நான் அதற்குப் பொட்டு வைக்கக் குனிந்தேன்.

"பாத்து வைம்மா," என்றார் அப்பா. "உள்ள எறங்கிடப் போகுது."